வேறுபாட்டுப் பல்லிணையை இல்லத்தில் மீளமைத்தல்: ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின்னச்சும் தென்காசி – குற்றால மலைச்சாலையும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் உருவாக்கப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தின் பின்னச்சுப் பல்லிணைக் கூடு, இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் கூட்டோடு ஒரே வடிவமைப்புக் குடும்பத்தைச் சார்ந்தது. உற்பத்தி நின்றுபோன அம்மகிழுந்துகளின் தேய்ந்த பல்லிணைகளை வெளிச்சந்தைப் பற்சக்கரங்களைக் கொண்டு இல்லத்திலேயே மீளமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. தென்காசி, செங்கோட்டை, புளியரை வழிச் செல்லும் மலைச்சாலையின் ஏற்ற இறக்கமும் குற்றாலப் பருவத்தின் ஈரமும் அம்முறையில் எவ்வெவ் விடங்களில் கூடுதல் கவனத்தைக் கோருகின்றன என்பதும், பட்டறை வழக்கில் ‘ஆட்டம்’ என்னும் ஒரு சொல் மூன்று வேறு பொருள்களைச் சுமப்பதால் தமிழில் எழுதப்பெறும் செய்முறை விளக்கங்களுக்கு நேரும் இடரும் இங்கு ஆராயப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: வேறுபாட்டுப் பல்லிணை, கிரவுன், பினியன், பல்லாட்டம், முன்னிறுக்கம், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, புளியரை, பட்டறை வழக்கு.

முன்னுரை

தமிழில் தொழில்நுட்பம் எழுதுவோர் பெரும்பாலும் கோட்பாட்டோடு நின்றுவிடுகின்றனர். ஒரு பொறி எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சொல்லும் நூல்கள் நமக்குண்டு. பழுதுற்ற பொறியை ஒருவர் தம் கையால் எவ்வாறு மீட்பது என்பதை அளவுகளோடு சொல்லும் எழுத்து மிகக் குறைவு. அவ்வறிவு பட்டறைகளில் வாய்மொழியாக வாழ்கிறது. வாய்மொழியில் கையும் கண்ணும் உடனிருப்பதால் சொல் தெளிவற்றிருந்தாலும் செயல் பிழைப்பதில்லை. அதே சொல் எழுத்தில் ஏறும்போது நிலை மாறுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பிழைத்தாலும் ஓசையெழுப்பும் ஒரு பொறியை எடுத்துக்கொண்டு, அதைத் தமிழில் பிழையின்றி விளக்க இயலுமா எனப் பார்ப்பது இக்கட்டுரையின் முயற்சி.

அதற்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு பொருத்தமான சான்று. டிரையம்ஃப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் அறிமுகமாயிற்று. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் 948 கன செ.மீ. எஞ்சினோடு அதனை உருவாக்கியது. ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி அமைக்கப்பெற்ற இரு இருக்கை ஊர்தியே 1962-இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயர். ஆகவே நம் சாலைகளில் குடும்ப ஊர்தியாக ஓடிய ஒன்றின் பின்னச்சில், ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் பல்லிணைக் கூடு இருந்தது. ஸ்பிட்ஃபயருக்கு உலகெங்கும் ஆர்வலர்கள் இருப்பதனால் அதற்கான மாற்றுப் பற்சக்கரங்கள் வெளிச்சந்தையில் கிடைக்கின்றன; ஹெரால்டு வைத்திருப்போருக்கு அது வழிதிறக்கிறது.

1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெசலில் இந்நிறுவனம் ஹெரால்டின் ஊசலச்சைக் கைவிட்டு ஒரே துண்டான முழுவச்சைப் பொருத்தியது. ஊசலச்சை இங்குள்ள வாடிக்கையாளரும் பட்டறையினரும் அவ்வளவாக விரும்பவில்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆகவே கெசலின் பின்னச்சுக்கு இக்கட்டுரையிற் கூறப்படும் கழற்றுமுறை பொருந்தாது. உட்பற்சக்கர அமைப்பின் நெறிகள் மட்டும் பொருந்தும்.

வளைவில் நிகழ்வது

வேறுபாட்டுப் பல்லிணை ஏன் வேண்டும் என்பதைப் புளியரைக்கு மேலுள்ள எஸ் வளைவே காட்டிவிடும். ஊர்தி ஓர் அரைவட்டம் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைக் காட்டிலும் கூடுதலாக ஓட வேண்டிய தொலைவு, இரு சக்கரங்களுக்கிடையிலான அகலத்தைப் பையால் பெருக்கிய அளவாகும். ஹெரால்டின் அகலம் ஏறத்தாழ 1.22 மீட்டர், பெருக்கினால் 3.83 மீட்டர். வளைவு குறுகியதா அகன்றதா என்பதைப் பொறுத்து இவ்வளவு மாறுவதில்லை என்பது கருதத்தக்கது. சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர் எனக் கொண்டால், ஒவ்வோர் அரைவட்டத் திருப்பத்திலும் வெளிச்சக்கரம் இரண்டு சுற்றுக்குச் சற்று மேலாக அதிகம் சுழல்கிறது. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிப் பிணைத்திருந்தால் ஏதேனும் ஒரு சக்கரம் தரையில் இழுபட்டாக வேண்டும்.

இதனைத் தீர்த்த அமைப்பு 1827-ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சு நாட்டினரான ஒனெசிஃபோர் பெக்கரால் நீராவி ஊர்திக்கென வகுக்கப்பெற்றது. எஞ்சினிலிருந்து வரும் தண்டின் முனையிலுள்ள சிறு பற்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய வளையம் கிரவுன். கிரவுன் ஒரு தாங்கிக்கூட்டோடு திருகப்பட்டிருக்கும். அக்கூட்டினுள் குறுக்கு ஊசியில் இரு சிறு பற்சக்கரங்களும், அவற்றோடு கவ்வி நிற்கும் இரு பக்கப் பற்சக்கரங்களும் உள்ளன. பக்கப் பற்சக்கரங்கள் இரண்டும் தத்தம் சக்கரங்களுக்குச் சுழற்சியைத் தருகின்றன. நேர்ச்சாலையில் இவை அனைத்தும் ஒரே கட்டியாகச் சுழலும். வளைவில் மட்டும் சிறு பற்சக்கரங்கள் தம் ஊசியின்மேல் உருண்டு, ஒரு பக்கம் இழந்த சுழற்சியை மறுபக்கத்துக்கு அளிக்கும். இரு சக்கரங்களின் சுழற்சியைக் கூட்டினால் எப்பொழுதும் தாங்கிக்கூட்டின் சுழற்சியைப்போல் இரு மடங்கு வரும்.

பழுது பெரும்பாலும் இவ்வுட்பகுதியில் நேர்வதில்லை. கிரவுனும் பினியனும் சந்திக்கும் இடத்திலும், அவற்றைத் தாங்கும் பேரிங்குகளிலுமே நேர்கிறது. இவ்வகைப் பற்சக்கரங்களில் பினியனின் அச்சு, கிரவுனின் அச்சை நேராகச் சந்திக்காமல் சற்றுத் தாழ்ந்து செல்லும். ஹைப்பாய்டு எனப்படும் இவ்வமைப்பு 1920-களில் மகிழுந்துகளுக்கு வந்தது. இதனால் பல் அகன்று வலுப்பெறுகிறது, ஓசை குறைகிறது. அதற்கு ஈடாகப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்கின்றன. அவ்வழுக்கலே எண்ணெயின் தேர்வையும் பல் பொருந்தும் இடத்தின் துல்லியத்தையும் இன்றியமையாதனவாக்குகிறது.

பட்டறை வழக்கும் ‘ஆட்டம்’ என்னும் சொல்லும்

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதற்கு நெடுநாள் முன்பிருந்தே தென்காசியும் செங்கோட்டையும் கொல்லம் செல்லும் சரக்கு ஊர்திகளின் வழித்தங்கல்கள். மலையேறும் லாரிகளின் பின்னச்சைப் பிரித்துக் கூட்டுவது அங்குள்ள பட்டறைகளுக்கு அன்றாட வேலை. அப்பட்டறைகளில் வழங்கும் சொற்கள் டிஃபரன்சியல், கிரவுன், பினியன், சிம், பேரிங், ஆயில் சீல் என்பன. இக்கட்டுரை கோட்பாட்டிற்கு ‘வேறுபாட்டுப் பல்லிணை’ என்னும் தொடரையும் உறுப்புகளுக்குப் பட்டறைச் சொற்களையும் ஆள்கிறது. ஆக்கச் சொற்களைக் கொண்டே எழுதிவிட இயலும். ஆயின் அதைப் படித்துவிட்டுக் கடையில் உறுப்புக் கேட்பவர் வெறுங்கையோடு திரும்புவார்.

‘கிரவுன் பினியன்’ என்று இரண்டையும் சேர்த்தே ஒரு சொல்லாகப் பட்டறையினர் வழங்குவது குறிக்கத்தக்கது. தொழிற்சாலையில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட பின்னரே இணையாக வெளிவருகின்றன. ஓர் இணையின் கிரவுனை வேறோர் இணையின் பினியனோடு சேர்த்தால் அமைதி கிட்டாது. பிரித்தால் பொருள் தராத இரட்டைக்கிளவியைப்போன்றது இவ்விணை. வழக்கு இங்கே பொருளின் இயல்பைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

‘ஆட்டம்’ என்னும் சொல்லில் நிலை வேறு. கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் இடையே விடப்படும் நுண்ணிய இடைவெளியும் ஆட்டம். தேய்ந்த பேரிங்கின் தளர்ச்சியும் ஆட்டம். அச்சுத் தண்டின் குரோசு மூட்டில் உண்டாகும் தளர்ச்சியும் ஆட்டமே. முதலாவது கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையேல் எண்ணெய் நுழைய இடமின்றிப் பற்கள் சூடேறிக் கருகும். இரண்டாவது அறவே கூடாது. அங்குத் தளர்ச்சியின் எதிர்நிலையான இறுக்கம் தேவை. மூன்றாவது இருந்தால் மூட்டையே மாற்ற வேண்டும். ‘ஆட்டம் இல்லாமல் இறுக்கவும்’ என எழுதப்பட்ட ஒரு வரியை நம்பிப் பற்களை இடைவெளியின்றிப் பொருத்துபவர், புதிய இணையைச் சில நூறு கிலோமீட்டரில் இழப்பார். ஆகவே இம்மூன்றையும் பல்லாட்டம், தாங்கியாட்டம், மூட்டாட்டம் எனப் பிரித்து வழங்குவது தக்கது எனக் கட்டுரையாளர் கருதுகிறார். இரண்டாவதற்கு எதிரான இறுக்கத்தை முன்னிறுக்கம் எனலாம்.

பல்லெண்ணிக்கையும் மலையேற்றமும்

வெளிச்சந்தை இணையை வாங்குமுன் எவ்விகிதம் என்பதை முடிவுசெய்தல் வேண்டும். இக்குடும்பத்தில் பினியன் 8, கிரவுன் 39 பற்கள் கொண்ட 4.875, முறையே 9, 37 கொண்ட 4.11, 9, 35 கொண்ட 3.89; 8, 29 கொண்ட 3.63 ஆகியன வழங்கின. 948 எஞ்சின் கொண்ட டிரையம்ஃப் ஹெரால்டு 4.875-ஐயும், தொடக்ககால ஸ்பிட்ஃபயர் 4.11-ஐயும், பிற்காலத்து 1500 ஸ்பிட்ஃபயர் 3.63-ஐயும் கொண்டிருந்தன. தம் கூட்டில் உள்ளது எது என்பதை ஏட்டைப் பார்த்து நம்பாமல் பற்களை எண்ணியே அறிய வேண்டும். அறுபது ஆண்டுகளில் ஒரு கூடு எத்தனை ஊர்திகள் மாறியிருக்கும் என்பதை எவரும் அறியார்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 556 சுற்றுகள் சுழல்கிறது. நேர்ப் பல்லிணையில் எஞ்சின் 4.875-இல் 2,710 சுற்றும், 4.11-இல் 2,285 சுற்றும், 3.89-இல் 2,160 சுற்றும் ஓட வேண்டும். நெடுஞ்சாலையில் குறைந்த சுற்று இதமானது. ஆயின் 4.875-லிருந்து 3.89-க்கு மாறினால் சக்கரத்துக்குக் கிட்டும் முறுக்குவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். 948 எஞ்சினுக்கு அவ்விழப்பு பெரிது. புளியரையிலிருந்து ஆரியங்காவு நோக்கி ஏறும் சாலையில் லாரியின் பின்னால் நின்று நின்று செல்ல நேரும்போது கிளட்சே அதற்கு விலைகொடுக்கும். மலையடிவாரத்தில் வாழ்வோருக்கு 4.11-க்கு அப்பால் செல்வது பரிந்துரைக்கத்தக்கதன்று. விகிதம் மாறினால் வேகங்காட்டியின் கணக்கும் பிழைக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இவ்வெண்களில் இன்னொரு நுட்பம் உண்டு. 9, 37 இரண்டுக்கும் பொது வகுஎண் இல்லை. ஆகவே பினியனின் ஒரு பல், கிரவுனின் ஒரு குறிப்பிட்ட பல்லைத் தொட்டபின் மீண்டும் அதையே தொடுவதற்குப் பினியன் 37 சுற்றுகள் சுழன்றாக வேண்டும். இடையில் எல்லாப் பற்களையும் சந்தித்துவிடும். கிழமை ஏழும் நாள்மீன் இருபத்தேழும் கணக்களவில் 189 நாட்களுக்கு ஒருமுறையே அதே இணையாகக் கூடுவதைப் போன்றது இது. ஒரு பல்லில் சிறு குறை இருந்தால் அது ஒரே இடத்தைத் தின்னாமல் எங்கும் பரவித் தேய்வதற்காக இவ்வாறு வகுத்தனர். பழைய இணையில் ஒரு பினியன் பல் உடைந்திருந்தால் கிரவுனையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

வாங்கிய இணையைப் பெட்டியிலேயே சோதிக்கலாம். பினியனின் முகப்பிலும் கிரவுனின் விளிம்பிலும் ஒரே இணையெண் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். எண் வேறுபட்டால் திருப்பி அனுப்புவதே முறை. பினியன் முகப்பில் கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு ஒரு சிற்றெண் இருக்குமாயின் அது ஆழத் திருத்தம். அதனைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். நல்ல அரம் ஒன்றைப் பல்லின் ஓரத்தில் மெல்ல இழுத்தால் அது வழுக்க வேண்டும். கவ்வினால் மேற்பரப்பு போதிய கடினம் பெறவில்லை.

கழற்றுதல்

ஹெரால்டில் பல்லிணைக் கூடு அடிச்சட்டத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. குறுக்கு வில்பட்டை கூட்டின் தலையில் அமர்ந்து இரு சக்கரங்களையும் தாங்குகிறது. ஆகவே வில்பட்டையின் சுமையை நீக்காமல் எதையும் அவிழ்க்கக் கூடாது. ஊர்தியைச் சமதரையில் அடிச்சட்டத்துக்குக் கீழ் இரும்புத் தாங்கிகளில் நிறுத்துதல் வேண்டும். ஜாக்கி மட்டும் தாங்கும் ஊர்தியின் அடியில் புகுதல் உயிருக்கு இடர். குற்றாலம் பகுதி வீடுகளின் முற்றங்கள் சாய்வாக இருப்பது வழக்கமாதலால் இதனை வற்புறுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

கூட்டைத் திறந்தவுடன் எதையும் பிரிக்காமல் பழைய பல்லாட்டத்தை டயல் கேஜால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். கிரவுனின் இரு பக்கப் பேரிங் மூடிகளிலும் இடம், வலம் என உளியால் புள்ளியிட வேண்டும். அவை அந்தந்த இடத்திலேயே கடையப்பட்டவை, இடம் மாறினால் வட்டம் குலையும். ஒவ்வொரு சிம்மையும் எடுத்த பக்கம், எடுத்த அளவு ஆகியவற்றோடு தனித்தனி உறையிலிட வேண்டும். கழற்றும்போது எழுதப்படும் இவ்வேடே பின்னர் எல்லாவற்றுக்கும் தொடக்கப்புள்ளி. பேரிங்கை அழுத்தி எடுக்கவும் ஏற்றவும் அருகிலுள்ள லேத்துப் பட்டறையின் ஹைட்ராலிக் பிரஸை நாடுவது நல்லது. இல்லத்தில் இயலாத பணி ஏறத்தாழ இஃதொன்றே.

ஆழமும் முன்னிறுக்கமும்

பினியன் கிரவுனுக்குள் எவ்வளவு ஆழம் புகுந்து நிற்கிறது என்பதைப் பினியன் தலைக்கும் அதனையடுத்த பேரிங்குக்கும் இடையிலுள்ள சிம் முடிவுசெய்கிறது. பழைய சிம்மின் தடிப்பை எடுத்துக்கொண்டு, பழைய பினியனின் திருத்த எண்ணுக்கும் புதியதன் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டியோ கழித்தோ தொடங்கலாம். எக்குறிக்குக் கூட்டுவது, எதற்குக் கழிப்பது என்பது செய்தவரைப் பொறுத்து மாறுவதால் உடன்வரும் தாளைப் பார்த்தல் வேண்டும். இது தொடக்க மதிப்பே. இறுதித் தீர்ப்பைப் பல்லின் மேலுள்ள தடமே வழங்கும்.

பினியனின் இரு கூம்புப் பேரிங்குகளும் தளர்வின்றிச் சற்று அழுத்தப்பட்ட நிலையில் சுழல வேண்டும். அம்முன்னிறுக்கத்தை இரு பேரிங்குகளுக்கிடையே உள்ள குழலும் சிம்களும், அல்லது நசுங்கும் குழல் ஒன்றும் தருகின்றன. நசுங்கும் குழலை அளவுக்கு மேல் நசுக்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய இயலாது; புதிய குழல்தான் வேண்டும். இறுக்கத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பினியன் விளிம்பில் தூண்டில் நரம்பைச் சுற்றிச் சுருள்வில் தராசால் இழுத்து, சீராகச் சுழலும்போது தராசு காட்டும் எடையைப் படிக்கலாம். பணிக்கையேடு 1.5 நியூட்டன் மீட்டர் கேட்பதாகவும் விளிம்பின் ஆரம் 50 மி.மீ. என்றும் கொண்டால், இழுவிசை 30 நியூட்டன். தராசில் ஏறத்தாழ 3 கிலோகிராம். ஆயில் சீலை ஏற்றுவதற்கு முன் இவ்வளவைச் செய்ய வேண்டும். சீலின் உராய்வு கணக்கைக் கலைக்கும்.

கிரவுனைத் தாங்கிக்கூட்டில் ஏற்றுமுன் இரு முகங்களையும் எண்ணெய்க்கல்லால் மெல்லத் தேய்த்துப் பிசிறு நீக்க வேண்டும். துளை இறுக்கமாயின் கொதிநீரில் கிரவுனைச் சற்று நேரம் இட்டு எடுத்தால் அது விரிந்து எளிதில் அமரும். பின்னர் ஈரத்தை உடனே துடைத்து எண்ணெய் பூச வேண்டும். கேஸ் அடுப்பின் நெருப்பை நேரே காட்டினால் பல்லின் கடினம் போய்விடும். போல்ட்டுகள் புதியனவாக இருத்தல் வேண்டும். குறுக்கும் மறுக்குமாகப் படிப்படியாக இறுக்க வேண்டும்.

தடம் படித்தல்

பணியின் உயிர்நிலை இது. இரு பக்கப் பேரிங்குகளோடு தாங்கிக்கூட்டைக் கூட்டினுள் அமர்த்தியபின் டயல் கேஜால் பல்லாட்டத்தை அளக்க வேண்டும். இவ்வகைச் சிறு கூடுகளுக்கு 0.10 முதல் 0.15 மி.மீ. வரை ஏற்றது. கிரவுனைச் சுற்றி நான்கு இடங்களிலேனும் அளக்க வேண்டும், இடத்துக்கிடம் 0.05 மி.மீ.-க்கு மேல் வேறுபட்டால் கிரவுன் சாய்ந்து அமர்ந்துள்ளது. பல்லாட்டத்தை மாற்ற ஒரு பக்கச் சிம்மை எடுத்து மறுபக்கம் வைத்தால் போதும். மொத்தத் தடிப்பு மாறாததால் பக்கப் பேரிங்குகளின் முன்னிறுக்கம் அப்படியே இருக்கும். கிரவுன் நகரும் அளவில் பொதுவாகப் பத்தில் ஏழு பங்கே பல்லாட்டத்தில் தெரியும். காட்டாக, 0.24 மி.மீ. உள்ளதை 0.12-ஆக்க வேண்டுமாயின் 0.12 குறைய வேண்டும்; அதற்குக் கிரவுன் ஏறத்தாழ 0.17 மி.மீ. பினியனை நோக்கி நகர வேண்டும்.

அடுத்து, ஓவியர் பயன்படுத்தும் மஞ்சள் எண்ணெய்ச் சாயத்தைச் சிறிது கியர் ஆயிலில் குழைத்துக் கிரவுனின் ஆறேழு பற்களில் இருபுறமும் மெல்லப் பூச வேண்டும். ஒருவர் கிரவுனை மரக்கட்டையால் தடுத்துச் சுமைகொடுக்க, மற்றவர் பினியனை முன்னும் பின்னும் சுழற்ற, சாயம் அழிந்த இடம் தடமாகத் தெரியும். சுமையின்றிச் சுழற்றிப் பெறும் தடம் நம்பத்தக்கதன்று.

பல்லின் உள்முனை கிரவுனின் மையத்தை நோக்கியது. வெளிமுனை விளிம்பை நோக்கியது. தலைப்பகுதி மேலே, அடிப்பகுதி இரு பற்களுக்கிடையிலான பள்ளத்தையொட்டியது. பினியன் மிகுதியாக உட்புகுந்திருந்தால் தடம் இருபுறமும் அடிப்பகுதிக்கு இறங்கும். போதாமல் விலகியிருந்தால் தலைப்பகுதிக்கு ஏறும். பல்லாட்டம் குறைவாயின் தடம் உள்முனையை நாடும். மிகுதியாயின் வெளிமுனையை நாடும். முதலில் ஆழத்தையும் பின்னர் பல்லாட்டத்தையும் திருத்த வேண்டும். ஆழத்தை மாற்றினால் பல்லாட்டமும் மாறும் என்பதால் இரண்டையும் மாறி மாறிப் பார்க்க நேரும். ஒவ்வொரு முறையும் பினியனைக் கழற்றிப் பேரிங்கை எடுத்துச் சிம்மை மாற்ற வேண்டியிருப்பதனால் பொறுமை இழப்போர் இங்கேயே இழக்கின்றனர். பழைய பேரிங் ஒன்றின் உள்துளையைச் சற்றே பெருக்கிக் கையால் ஏற்றி இறக்கும்படி வைத்துக்கொண்டால் இவ்வுழைப்பில் பாதி மிச்சம். ஆயின் அதன் உயரம் புதிய பேரிங்கின் உயரத்தோடு ஒத்திருக்கிறதா என மைக்ரோமீட்டரால் பார்த்தாக வேண்டும்.

கிரவுன் பல்லின் குவிந்த புறம் எஞ்சின் ஊர்தியை இழுக்கும்போது சுமை ஏற்பது. குழிந்த புறம் ஊர்தி எஞ்சினை இழுக்கும்போது சுமை ஏற்பது. வெளிச்சந்தை இணைகளில் குவிபுறத் தடம் நடுவில் அழகாக அமைந்து, குழிபுறத் தடம் ஓரத்துக்கு ஒதுங்கி நிற்பதுண்டு. சமவெளியில் குழிபுறத்துக்கு வேலை குறைவு என்பதால் பலர் அதனை ஏற்றுக்கொள்கின்றனர். தென்காசிப் பகுதிக்கு அச்சமாதானம் பொருந்தாது. ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்குபவர் பிரேக்கைக் காக்க இரண்டாம் கியரில் எஞ்சினையே தடையாகக் கொண்டு இறங்குவார். அவ்விறக்கம் முழுவதும் சுமை குழிபுறத்தில்தான். மேலும் இழுக்கும்போது பினியனைக் கிரவுனிலிருந்து வெளித்தள்ளும் விசை, இறக்கத்தில் திசைமாறி அதனைக் கிரவுனுக்குள் இழுக்கும். முன்னிறுக்கம் போதாத பினியன் அப்போது உட்சென்று பல்லாட்டத்தை விழுங்கிவிடும். மலைச்சாலையில் பல்லிணை பூட்டிக்கொண்டால் பின்சக்கரங்கள் நின்றுவிடும்; வளைவில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இருபுறத் தடமும் பல்லின் முனைகளைத் தொடாமல் இருக்கும்வரை சிம்மை மாற்றுவதே இங்குத் தக்கது. குவிபுறத்தின் அழகில் சிறிது விட்டுக்கொடுக்க நேரினும் குற்றமில்லை.

ஈரமும் எண்ணெயும்

சூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரற் பருவத்தில் குற்றாலத்தின் காற்றிலேயே நீர் நிற்கிறது. மண்ணெண்ணெயில் கழுவிய பேரிங்கைத் திறந்தபடி ஓரிரவு வைத்தால் காலையில் துருப்புள்ளி காணலாம். கழுவியவுடன் உலர்த்தி, எண்ணெய் பூசி, நெகிழித் தாளில் சுற்ற வேண்டும். உலர்த்தும் வேகத்தில் காற்றழுத்தத்தால் பேரிங்கைச் சுழலவிடுதல் உருளைகளைக் கீறும்.

ஓட்டத்திலும் ஈரம் உட்புகும். மலையிறங்கிச் சூடேறிய கூடு ஐந்தருவிச் சாலையில் தேங்கிய குளிர்நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று திடீரெனச் சுருங்கும். மூச்சுத்துளை அடைபட்டிருந்தால் அச்சுருக்கம் சீலின் ஓரமாக நீரை உள்ளிழுக்கும். எண்ணெய் பால்நிறம் பெறுவது அதன் அடையாளம். கூட்டை மூடுமுன் மூச்சுத்துளையில் மெல்லிய கம்பியைச் செலுத்திப் பார்ப்பது நொடிப்பொழுது வேலை, பலர் செய்வதில்லை.

ஹைப்பாய்டு பற்களின் வழுக்கலுக்குக் கந்தக, பாஸ்பரச் சேர்மங்கள் கலந்த 90 அல்லது 80டபிள்யூ-90 எண்ணெய் வேண்டும். தர வரிசையில் ஜி.எல்.-5. வெண்கல உறுப்புகள் கொண்ட கியர்பெட்டிக்கு அதே டப்பாவை ஊற்றலாகாது. பழைய பெட்டிகளுக்கு ஜி.எல்.-4 ஏற்றது. இக்கூட்டின் கொள்ளளவு 0.57 லிட்டர்தான். இவ்வளவு சிறு அளவாதலால் சீலில் சிறு கசிவும் விரைவில் கூட்டை வறளச் செய்யும்.

முதல் ஓட்டம்

புதிய இணை முதல் வெப்பத்தில்தான் தன் மேற்பரப்பை அமைத்துக்கொள்கிறது. முதல் நாள் மலைப்பக்கம் திரும்பாமல் தென்காசியிலிருந்து ஆலங்குளம் செல்லும் சமவெளிச் சாலையில் 25 கி.மீ. அளவு மிதமாக ஓட்டி, நிறுத்திக் கூட்டை முழுதும் ஆறவிட வேண்டும். இவ்வாறு சில முறை செய்யலாம். கூடு கையை வைத்தெடுக்கும் சூட்டில் இருப்பது இயல்பு. தொடவே இயலாத சூடாயின் முன்னிறுக்கமோ பல்லாட்டமோ பிழைத்துள்ளது. இழுக்கும்போது மட்டும் ஊளை கேட்டால் குவிபுறத் தடத்தையும், ஆக்சிலரேட்டரை விட்டபோது மட்டும் கேட்டால் குழிபுறத் தடத்தையும் மீண்டும் பார்க்க வேண்டும். எந்நிலையிலும் மாறாத உறுமல் பேரிங்கினுடையது.

ஏறத்தாழ 800 கி.மீ. ஓடியபின் எண்ணெயை வடித்து, வெள்ளைத்துணியில் ஊற்றி, காந்தத்தை அதன்மேல் நகர்த்திப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறக் குழம்பாக ஒட்டுவது பற்கள் பொருந்தியதன் எச்சம். ஒளிரும் செதில்கள் நகத்தில் தட்டுப்படுமாயின் கூட்டை மறுபடி இறக்கித் தடத்தைப் படிக்க வேண்டும். புளியரைக்கு அப்பால் செல்வது அதன் பின்னரே.